முழுகிப் பார்த்து வாங்கும் வீடு

பனியில் வழுக்கி விழாமல் வந்து சேர்ந்தவருக்குப் பாலைவனத்தில் வீடு விற்பது போல் சுகமான தொழில் ஒஸ்லோவில் வேறில்லை. வாங்குங்கள் என்று நாங்கள் கெஞ்சத் தேவையில்லை, வானமே அவரை எங்களிடம் தள்ளிவிடும்.

வீடுகள் ஸ்பெயினின் தெற்கில், மழை எட்டிப் பார்க்காத ஒரு பாலைவன மூலையில் இருக்கின்றன. ஒவ்வொரு முற்றத்திலும் ஒரு சுடுதண்ணீர்த் தொட்டி. நோர்வேக்காரர் அதை 'பொப்லெபாட்' என்பார்கள். அடியிலிருந்து குமிழி கிளம்பியபடி இருக்கும். எங்கள் அலுவலகத்தின் நடுவிலும் ஒன்று வைத்திருக்கிறோம், வருகிறவர்கள் இறங்கிப் பார்க்க. சுவர் முழுக்க மணலும் மாலை வெயிலும் படமாக விரிந்திருக்கும். மேலே மஞ்சள் விளக்கு. யன்னலுக்கு வெளியே பனி கொட்ட, உள்ளே ஆவி எழும்பும். பார்த்துக்கொண்டே நின்றால், காலையில் ரொம்மன் நிலையத்துப் பனியில் நின்று ரயில் ஏறியவள் நான்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும். கடையில் நின்று பல்லைக் காட்டிப் பிழைக்கும் சக பாவிகளே, உங்களுக்கும் இப்படி ஒரு தொட்டி வாய்த்திருந்தால் பாதிப் பொறுமையாவது மிச்சமாகியிருக்கும்.

மரம் தேடி வந்தவர்

எங்கள் சனத்துக்கென்று தமிழில் ஒரு துண்டுப்பிரசுரம் அடித்தோம். "பாலைவனத்தில் ஒரு வீடு" என்று எழுதிக் கொடுத்தேன். அதை வடிவமைத்த பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. அழகாக இருக்கட்டும் என்று மேல் வரியில் பெரிதாகப் "பாலை" என்றும், கீழ் வரியில் "வனத்தில் ஒரு வீடு" என்றும் போட்டுவிட்டாள்.

கோயிலில் அதைக் கண்ட குணம் அண்ணை மறுநாளே வந்து நின்றார். வெஸ்ட்லியில் இருக்கிறார், பஸ் ஓட்டுகிறார், பிறந்தது மாங்குளம். வன்னியில் பாலை என்றால் மரம்; தேன் மாதிரிப் பழம், தின்றால் உதடு ஒட்டும். அண்ணை சுவர்ப் படத்தை மேலும் கீழும் பார்த்தார். தொட்டியை ஒருமுறை சுற்றி வந்தார். பாலைவனம் என்றால் வெறும் மணல்தான் அண்ணை என்று நான் சொன்னதும் தொப்பியை இறுக்கி மாட்டிக்கொண்டார்.

"ஒரு பாலை மரமும் நிக்காத இடத்துக்கு ஏன் தங்கச்சி அந்தப் பேரை வைச்சவங்கள்?"

காய வந்தவர்

நோர்வே முதியவர் ஒருவர் குளிர்காலம் முழுக்க வருவார். கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, தொட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் சாய்ந்து சுவரைப் பார்ப்பார். ஒருநாள் வீடுகளின் படங்களை அவர் மடியில் வைத்தேன். அப்படியே மரியாதையாகத் திருப்பித் தந்தார்.

"தொந்தரவுக்கு மன்னிக்கவேண்டும், நான் வாங்க வரவில்லை, காய வந்தேன்."

மூடாத கை

குணம் அண்ணையின் மனைவி பவளம் அக்கா அடுத்த கிழமை தனியாக வந்தார். முதியோர் இல்லமொன்றில் சலவைப் பகுதியில் நெடுங்கால வேலை. இப்போது மூட்டுவாதம், விரல்கள் பாதிக்கு மேல் மடங்காது. குளிர் கூடிய நாட்களில் அவருடைய சட்டைக்கு அண்ணைதான் பொத்தான் பூட்டிவிட வேண்டும். வறண்ட வெயிலும் சுடுதண்ணீரும் சுகம் தரும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். அண்ணையோ மணலுக்குள் போய்க் குடியிருக்க மாட்டேன் என்று ஒரே பிடியாக நிற்கிறார்.

அக்கா தொட்டிக்குள் கையை மட்டும் விட்டு, கண்ணை மூடிக்கொண்டார். முகம் மெல்ல இளகியது, எங்கேயோ போய்விட்டார். கையை வெளியே எடுத்தபிறகும் துடைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு மாளிகை வேண்டாம் பிள்ளை, என்ரை பொத்தானை நானே பூட்டவேணும், அவ்வளவுதான்."

கேட்கக்கூடாத கேள்வி

எல்லிங்ஸ்ருட்டிலிருந்து ஓர் இளம் தம்பதி வந்தார்கள். தமிழ்நாட்டுக்காரர், இருவருக்கும் கணினி வேலை. கணவர் அரைக்காற்சட்டையோடு தொட்டிக்குள் இறங்கி, சூப்பர், செம என்று பாராட்டிக்கொண்டிருந்தார். மனைவி நாற்காலியை விட்டு அசையவில்லை. இரண்டு பேரும் ஆசைப்பட்டால்தானே வீடு விலைபோகும்? நான் உரிமையோடு கேட்டேன், "என்ன தங்கச்சி, நீங்கள் மட்டும் முழுகாமல் இருக்கிறீங்கள்?"

தண்ணீரில் இறங்காமல் இருக்கிறீர்களே என்பதுதான் நான் கேட்டது. பிள்ளை உண்டான பெண்ணைத்தான் முழுகாமல் இருக்கிறாள் என்பார்கள் என்பது, வாயை விட்டுச் சொல் போனபிறகுதான் உறைத்தது. கணவர் குமிழிகளுக்கு நடுவில் சிலையாக நின்றார். அந்தப் பெண் முகம் சிவந்து என்னைப் பார்த்தாள்.

"இவர்கிட்டயே இன்னைக்கு வீட்டுக்குப் போய்த்தான் சொல்லலாம்னு இருந்தேன், உங்களுக்கு யாருங்க சொன்னா?"

நனைந்த பொத்தான்

ஒரு சனிக்கிழமை பவளம் அக்கா எப்படியோ அண்ணையை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். நீச்சல் உடுப்புப் போடமாட்டேன் என்று அக்கா, வீட்டிலிருந்து கொண்டுவந்த நைற்றியோடு கழுத்துவரை இறங்கினார். அண்ணை தொட்டிக் கரையில், கோட்டைக்கூடக் கழற்றாமல், மனைவியின் கைப்பையை மடியில் வைத்தபடி என்னைக் குறுக்கு விசாரணை செய்தார். மணலுக்குள் தண்ணீர் எங்கையிருந்து வருகுது? பக்கத்தில் தமிழ்ச் சனம் இருக்கோ? கதைக்க ஆளில்லாமல் என்ன செய்கிறது? அன்றைக்கும் அவர் மாட்டேன் என்றுவிட்டால் அக்கா இன்னொரு முறை கேட்கமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

வெளியே பனி பெரிது பெரிதாக விழுந்தது. அக்கா மிதக்கிறவர் போலக் கண்ணை மூடிக் கிடந்தார். பிறகு எழும்பி, ஆவி பறக்கும் கையை நீட்டினார். அண்ணையின் கோட்டில் ஒரு பொத்தான் திறந்துகிடந்தது. விரல்கள் அதைப் பிடித்தன, நழுவவிட்டன, மறுபடி பிடித்தன. பொத்தான் துளைக்குள் போய்விட்டது.

அண்ணை அடுத்த கேள்வியைப் பாதியில் விட்டார். கோட்டில் பரவிய ஈரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சுவரிலிருந்த மணலைப் பார்த்துக் கேட்டார்.

"தங்கச்சி, அந்த மணலிலை ஒரு பாலைக் கொட்டையைப் போட்டால் முளைக்குமோ?"

எத்தனையோ பேருக்கு வீடு விற்றுவிட்டேன், கூரை ஒழுகுமா என்று மட்டும் ஒருவரும் இன்னும் என்னைக் கேட்கவில்லை.