மூக்குக் குத்தியவர்களின் கணக்கு

யுத்த காலத்தில் சேலத்துக் கல்லூரி ஒன்றில் பிறப்பு இறப்புப் புள்ளிவிவரம் சொல்லிக்கொடுத்தேன். ஊரார் அதற்கு வைத்த பெயர் சாவுக்கணக்கு வகுப்பு. அதில் படிக்கிறவனுக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்று சொன்ன மகானுபாவர்களும் உண்டு. இந்த லட்சணத்தில் அதை வளர்த்துப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பாக்கிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசை என்ன, வெறி.

வகுப்பைத் தொடங்கச் சொன்னவர் எங்கள் பிரின்ஸிபால். சென்னையில் ஒரு வெள்ளைக்கார டாக்டரின் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு வந்து, "நம்ம காலேஜ்லயும் இது இருக்கணும் சார்" என்று குதித்தார். எது என்று அவருக்குத் தெரியாது. சராசரி என்பது பையன்களைத் திட்டுவதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டது என்பதோடு அவருடைய ஞானம் முடிந்தது. பல்கலைக்கழகம் எங்களிடம் இரண்டு கேட்டது: கல்லூரிக் கமிட்டி தனிக் கட்டடம் தர வேண்டும், வகுப்பு ஒரு கிராமத்தையாவது முழுதாக ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும்.

கமிட்டித் தலைவர் நாமக்கல் பக்கத்துப் பெரிய நிலக்காரர். அவருடைய பண்ணையாட்கள் அவரை எஜமான் என்ற அர்த்தத்தில் பண்ணாடி என்பார்கள். காரியம் ஆக வேண்டியிருந்ததால் பிரின்ஸிபாலும் அப்படியே அழைத்தார், வெட்கமில்லாமல்.

"எங்கூரையே எடுத்துக்குங்க வாத்தியாரே. எங்கூர்ல கொழந்தை சாகறதே இல்லீங்க. காவேரித் தண்ணி அப்படி!" என்றார் பண்ணாடி.

கிராமத்து மணியக்காரர் வைத்திருந்த பிறப்பு இறப்புப் பதிவும் அதையே சொன்னது. கிழவர்கள் சாவார்கள், எல்லாரும் காய்ச்சலில். குழந்தை மட்டும் சாகாது. அட, கைலாசம்கூட இவ்வளவு க்ஷேமமாக இருக்காது!

பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில் இருமிக்கொண்டே போய் இறங்கி, மாணவர்களோடு வீடு வீடாக ஏறினேன். பண்ணையாட்கள் தெருவில் ஒரு பெண் தன் மகனுக்குக் களி ஊட்டிக்கொண்டிருந்தாள். பையன் மூக்கில் செம்பு வளையம். ஆண்பிள்ளைக்கு எதற்கம்மா இது என்று கேட்டேன்.

"இவனுக்கு முன்னால ரெண்டு பொறந்து தங்கலீங்க சாமி. அதுதான் இவனைக் குப்பையில போட்டு எடுத்து, மூக்குக் குத்தினமுங்க. ஒண்ணுக்கும் ஆகாத புள்ளைன்னு எமன் உட்டுட்டுப் போயிருவானுங்க."

"முன்னால் போன இரண்டையும் மணியக்காரரிடம் சொன்னீர்களா?"

"பேரு வெக்காத புள்ளைய என்னன்னு சொல்றதுங்க?" என்றவள், பையன் வாயைத் துடைத்துவிட்டு, "நீங்க எழுதிக்குவீங்களா சாமி?" என்றாள்.

எழுதிக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அதன்பிறகு எங்கள் வேலைமுறையே மாறிவிட்டது. மூக்குக் குத்திய ஆண் எந்த வீட்டில் இருந்தாலும் அங்கே உட்கார்ந்து தாயிடம் பேசினோம். நிலக்காரர் தெருவிலும் அதே கதைதான், வளையம் மட்டும் தங்கம். வளர்ந்ததும் வளையத்தைக் கழற்றிவிடுவார்கள், துளை தூர்ந்து வடுவாக நிற்கும். அந்த வடுக்களையும் விடவில்லை. பேர் வைக்காமல் புதைத்த பிள்ளைகளுக்கு என் அறிக்கையில் ஒரு பக்கம் முழுதும் தேவைப்பட்டது.

பிரின்ஸிபால் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வியர்த்துக் கொட்டினார். "இது ஒண்ணை மட்டும் எடுத்துடுங்களேன் சார். கட்டடம் போயிடும். கட்டடம் போனா வகுப்பே போயிடும்." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறார், அதையும் கணக்கு வாத்தியாரிடம். முடியாது என்றேன்.

கமிட்டி கூடியது. பண்ணாடி அறிக்கையை மேஜையில் விட்டெறிந்தார். "ஏனுங்க, எங்கூர்ல கொழந்தைக சாகுதுன்னு மெட்ராசுக்கு எழுதிப் போடறீங்களா? நாளைக்கு எங்க பசங்களுக்கு ஆருங்க பொண்ணு குடுப்பாங்க?"

ஜன்னல் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. அப்போதுதான் பார்த்தேன். அவருடைய மூக்கின் வலப்புறத்தில் அந்த வடு.

"உங்களுக்கு ஏனுங்க மூக்குக் குத்தினாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கை தானாக மூக்குக்குப் போயிற்று. "எனக்கு முன்னால மூணு பேருங்க," என்றார் மெதுவாக. "மூணும் ஆம்பளைப் புள்ளைக."

மனுஷன் இளகிவிட்டார் என்று நினைத்தேன். நானும் ஒரு மடையன்.

"அவனுக இருந்திருந்தா தோட்டங் காடெல்லாம் நாலாப் போயிருக்குமுங்க வாத்தியாரே!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். கமிட்டியும் சிரித்தது. எல்லாரிலும் பலமாகச் சிரித்தவர் பிரின்ஸிபால்.

சிரித்து முடித்ததும் தீர்மானம் போட்டார்கள். கட்டடம் உண்டு, வகுப்பும் உண்டு. ஆனால் ஒரு வயது நிறையாத பிள்ளைகளை இனிமேல் எண்ணக் கூடாது. நான் அறிக்கையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அந்தப் பெண்ணின் இரண்டு பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அப்படியே பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

பிரின்ஸிபால் வாசல்வரை ஓடி வந்தார். "ஒரு வயசுதானே சார்! விட்டுக் குடுத்தா வகுப்பு பிழைச்சுக்கும். இல்லேன்னா இன்னிக்கோட செத்துப்போகும் சார்!"

"சாகட்டும் ஐயா," என்றேன். "அடுத்து ஒண்ணு பொறந்தா, குப்பையில போட்டு எடுத்து மூக்குக் குத்திவிடுங்க."