ஓடாத கடிகாரத்துக்கு வரி திரும்பும்

வெளிநாட்டில் விலையுயர்ந்த கைக்கடிகாரம் வாங்கிவிட்டு, கட்டிய வரியைத் திரும்பப் பெறுவது எப்படி என்று இப்போதெல்லாம் விமான நிலையங்களில் பேசிக்கொள்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு மலாக்காவில், காஜா பேராங்கில் என் பக்கத்து வீட்டிலிருந்த ஓவர்சியரின் நினைவு வரும். மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த புதிது அது. நான் அரசாங்கக் குமாஸ்தா. அலுவலகத்தில் விதிப் புத்தகத்தை வேறு யாரும் திறக்காததால் நான் முழுவதும் படித்து வைத்திருந்தேன்.

ஓவர்சியர் தம் ஒரே மகளுக்குச் சிங்கப்பூரில் மாப்பிள்ளை பார்த்தார். நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் தாயார் தங்கக் கடிகாரம் வேண்டுமென்று கேட்கவில்லை. தம் மூத்த மருமகள் வீட்டார் போட்ட கடிகாரத்தைப் பற்றி மட்டும் சற்று நேரம் பேசினார். அதற்குமேல் கேட்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

சிங்கப்பூரில் இறக்குமதி வரி கிடையாது. ஆகவே ஓவர்சியர் அங்கே போய் வாங்கினார். அங்கேயே சம்பந்தி வீட்டில் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் மாப்பிள்ளைக்குப் போடுவது பெண் வீட்டுத் தாம்பாளத்தில், பந்தலில், நாலு பேர் பார்க்க வரவேண்டும். இப்படியாக, சிங்கப்பூரில் காலம் தள்ளப்போகிற கடிகாரம் சிங்கப்பூரிலிருந்து மலாக்காவுக்குப் புறப்பட்டது.

ஜொகூர் பாலத்தில் எல்லாரும் செய்வதை அவர் செய்யவில்லை. மற்றவர்கள் வாங்கியதைக் கையில் கட்டிக்கொண்டு, பிறந்ததிலிருந்தே கட்டியிருப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு நடந்து வருவார்கள். மாப்பிள்ளைக்கென்று வாங்கியதை மாமனார் முதலில் கட்டக்கூடாது என்பது இவர் கட்சி. பெட்டியோடு சுங்க மேசைமேல் வைத்தார். வரி போட்டார்கள். கல்யாணச் சமையல்காரருக்காக மடியில் வைத்திருந்த பணம் அரசாங்கத்துக்குப் போயிற்று.

ரசீதை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். பின்பக்கத்தைப் படித்துவிட்டு ஆறுதல் சொன்னேன். பொருள் உபயோகப்படுத்தப்படாத நிலையில் மறுபடி நாட்டைவிட்டு வெளியே போனால் கட்டிய வரி திரும்பக் கிடைக்கும். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளையோடு அது போகத்தானே போகிறது.

"உபயோகப்படுத்தாமன்னா? பந்தல்ல கையில கட்டணுமே தம்பி."

யோசித்தேன். கடிகாரத்தின் உபயோகம் மணி காட்டுவது. சாவி கொடுக்காமல் கட்டினால் அது மணி காட்டாது. மணி காட்டாதவரை அது கடிகாரம் அல்ல, நகை. இதற்கு எதிராக விதிப் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை என்று சொன்னேன். ஓவர்சியருக்கு அரசாங்கத்தின்மேல் மறுபடி மதிப்பு வந்தது. வரிப் பணம் திரும்பியதும் தருவதாகச் சமையல்காரரிடம் தவணை கேட்டார்.

மாப்பிள்ளையிடம் விஷயத்தைத் தனியாகச் சொன்னார். அவர் சாது. அந்தக் கல்யாணத்தில் அவரோடு கலந்துபேசிச் செய்த முதல் ஏற்பாடு இதுதான் என்பதால் உடனே சம்மதித்தார். என்னை மணவறைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். யாராவது மணி கேட்டால் மாப்பிள்ளை தம் கையைக் கம்பீரமாகப் பார்ப்பார். பிறகு என் கையைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வார்.

எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தபோது மூலை வீட்டுச் செட்டி அம்மாள் வாழ்த்த வந்தார். எங்கள் பக்கத்து மலாக்கா செட்டிகள் கோயிலுக்குப் போவதிலும் திருநீறு பூசுவதிலும் நமக்குக் குறைந்தவர்கள் அல்லர். வீட்டில் பேசுவது மட்டும் மலாய். அம்மாள் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் கடிகாரத்தை மெச்சினார். காதில் வைத்துப் பார்த்தார். உண்மையான வருத்தத்தோடு சொன்னார்:

"ஐயோ, ஜாம் டியா சுடா மாத்தி லா."

மலாயில் கடிகாரம் நிற்பதில்லை, 'மாத்தி' ஆகிறது, அதாவது சாகிறது. காரின் எஞ்சினும் அப்படித்தான், விளக்கும் அப்படித்தான். அந்த மொழியில் இதில் அபசகுனம் எதுவும் கிடையாது. சம்பந்தியம்மாளுக்கும் மலாய் நன்றாகத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அவர் அதைத் தமிழில் கேட்டுவிட்டார்.

"செத்த சாமானையா என் பிள்ள கையில கட்டியிருக்கீங்க?"

மேளம் நின்றது. சாவி கொடுக்கவில்லை, அவ்வளவுதான் என்றார் ஓவர்சியர். ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டார் சம்பந்தியம்மாள். சுங்க விதியை மணவறையில் விளக்குவது கடினம். ஓவர்சியர் என்னைப் பார்த்தார். நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

"அதுக்கு உசிரு வரட்டும். அப்புறம் தாலி கட்டலாம்."

ஓவர்சியர் தம் கையாலேயே சாவி கொடுத்தார். கடிகாரம் ஓடியது, தாலி ஏறியது.

அன்று மாலையே பத்திரமாக இருக்கட்டும் என்று கடிகாரத்தை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். ஒருமுறை ஓடிவிட்டால் உபயோகித்ததாக ஆகுமா என்று என்னிடம் கேட்டார். சற்று நேரம் ஓட்டிப் பார்ப்பது பரிசோதனை, உபயோகம் அல்ல என்று தீர்ப்புச் சொன்னேன். மறுநாள் இரவுக்குள் அது தானாக அடங்கிவிட்டது.

"நின்னுடுச்சு தம்பி," என்றார் ஓவர்சியர். வேறு சொல் எதையும் அவர் உபயோகிக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டுக்குப் பெண்ணைக் கொண்டுவிட வாடகைக் கார்களில் புறப்பட்டோம். விண்ணப்பம் எழுதுவதற்காக நானும் போனேன். ஜொகூரில் சுங்க அதிகாரி இளம் மலாய்க்காரர், மரியாதையானவர். ரசீதிலிருந்த எண்ணையும் கடிகாரத்தின் எண்ணையும் ஒத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. பிறகு, புத்தியுள்ள எந்த அதிகாரியும் கேட்கக்கூடியதைக் கேட்டார்.

"ஜாம் இனி ஹிடுப் கா, மாத்தி?"

உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா? செத்துவிட்டது என்று ஒரு சொல் சொன்னால் பணம் திரும்பிவிடும். உண்மையும் அதுதான். ஆனால் சம்பந்தியம்மாள் பின்னாலேயே நின்றிருந்தார், புது மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு.

"உள்ளதைச் சொல்லுங்கண்ணே," என்று நான் மெதுவாகச் சொன்னேன்.

அவர் மகளைப் பார்த்தார்.

"ஹிடுப், துவான்," என்றார். அது போதாது என்று தோன்றியிருக்க வேண்டும். "நல்லா ஹிடுப்."

அதிகாரி காதில் வைத்துக் கேட்டார். சத்தம் இல்லை. உதவி செய்கிற எண்ணத்தில் அவரே சாவி கொடுத்தார். கடிகாரம் உடனே ஓடத் தொடங்கியது. அவரும் மகிழ்ந்தார், சம்பந்தியம்மாளும் மகிழ்ந்தார். ஓடுகிற கடிகாரம் உபயோகத்தில் உள்ள பொருள், ஆகவே வரியைத் திருப்பித் தர இயலாது என்று அதிகாரி பணிவோடு தெரிவித்தார். முடிவில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பொருளை உபயோகத்துக்குக் கொண்டுவந்தவர் அதிகாரியாகவே இருந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் விதி யோசிக்கவில்லை.

பாலத்தின்மேல் கார் போய்க்கொண்டிருந்தபோது, மேல்முறையீடு செய்ய வழி உண்டா என்று ஓவர்சியர் கேட்டார். தாராளமாக உண்டு என்றேன். கடிகாரம் அப்போது மாத்தியாக இருந்தது என்று அவர் தம் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

முன்னால் போன காரை அவர் பார்த்தார். அதில்தான் மகள் இருந்தாள்.

"வேணாம் தம்பி," என்றார். "சமையல்காரர்கிட்ட நான் பேசிக்கிறேன்."