தேசிக்காய் பிழிந்த தண்ணீர்

நோர்வேயிலிருந்து லண்டனுக்கு வந்து குடியேறிய என் மச்சான் மான் வேட்டைக்காரர். போன வருடம் நானும் அவருடன் ஸ்கொட்லாந்து மலைக்குப் போனேன். ஓடைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கச் சின்ன அடுப்பு கொண்டுபோவோம் என்றார். "சுமக்க ஏலாது, குளோரின் குளிசை காணும்" என்று பிடிவாதமாக நின்றது நான்தான்.

குளிசை போட்ட தண்ணீர் நீச்சல்குளம் போல மணத்தது. வெம்பிளியில் வாங்கிய தேசிக்காயை உடனே என் போத்தலுக்குள் பிழிந்தேன்.

"அரை மணித்தியாலம் பொறும்" என்றார் மச்சான்.

"மணம் போயிட்டுது, இனி என்ன?" என்று குடித்தேன். ஒவ்வொரு போத்தலும் அப்படித்தான்.

மூன்றாம் நாள் வாந்தி, வயிற்றோட்டம். நிற்கக்கூட ஏலவில்லை. மச்சான் துவக்கையும் இரண்டு பைகளையும் சுமந்து, என்னையும் தாங்கி, நாலு மணித்தியாலம் நடந்து வீதிக்குக் கொண்டுவந்தார். அதே ஓடைத் தண்ணீரைக் குளிசை போட்டுப் பொறுத்துக் குடித்த அவருக்கு ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்துதான் குளிசைப் பெட்டியை வாசித்தேன். அரை மணித்தியாலம் முடியுமுன் பழச்சாறு சேர்த்தால் குளோரின் வேலை செய்யாதாம்.

இந்த வருடமும் போகிறேன். தேசிக்காயைக் கைவிட என்னால் ஏலாது. அதனால் அடுப்பை நானே சுமக்கிறேன்.