கணவாய் மனிதனின் கடைசிச் சுருள்

இறுப்பிட்டி ஆழ்வாப்பிள்ளை அண்ணை வாழ்க்கையில் ஒரு பிழைதான் விட்டார். அதை ஊரே அறியும். அவருடைய மனைவி சறோஜினிதேவி அக்கா ஒருவரையும் விடாமல் சொல்லித் தீர்த்துவிட்டார்.

தொண்ணூற்றொன்றில் ஆமிக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடியபோது கட்டிலுக்குக் கீழே இரண்டு வட்டத் தகரங்கள் இருந்தன. இரண்டும் உரப்பையில் சுற்றியவை. ஒன்றில் காணி உறுதிப் பத்திரங்கள். மற்றதில் ஒரு படச்சுருள். யாழ்ப்பாணத்தில் படம் ஓட்டிய பத்திநாதர், தியேட்டரில் செல் குண்டு விழுந்த பிறகு, பத்திரமாக வைக்கச் சொல்லிக் கொடுத்தது. அண்ணை அவசரத்தில் தூக்கியது சுருளை. தீவிலிருந்து வள்ளத்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, யாழ்ப்பாணத்தில் திறந்தபோதுதான் தெரிந்தது. உறுதிகள் கறையானுக்குப் போயின.

சுருள் ‘கணவாய் மனிதன்’ என்ற படத்தின் கடைசிப் பகுதி. எழுபத்தெட்டில் நாலு நாள் ஓடிய படம். கணவாய் மீனின் தலையோடு ஒருவன் கடலிலிருந்து வந்து, மீன்பிடி முதலாளியான சம்மாட்டியின் மகளைப் பெண் கேட்பான். சனம் சிரித்துவிட்டு இடையிலேயே எழும்பிப் போனதாம்.

பத்திநாதர் இடம்பெயர்ந்த இடத்திலேயே செத்துப்போனார். அண்ணை தகரத்தை எறியவில்லை.

“அந்தாள் நம்பித் தந்தது.”

“அப்ப என்ரை அப்பு நம்பித் தந்த காணி?” என்பார் அக்கா.

முப்பது வருசம் இதே கதை. ஊருக்குத் திரும்பி, காணிக் கந்தோரில் மனுக் கொடுத்து உறுதிக் கொப்பிகள் எடுத்த பிறகும் வாய் ஓயவில்லை.

எங்கள் ஊர் நிரோஜன் கனடாவில் இருக்கிறான். ஒருவரும் மதிக்காத பழைய விசர்ப் படங்களைத் தேடித் துப்புரவாக்கி, டீவீடியாகவும் தியேட்டரிலும் வெளியிடுகிற கூட்டத்தில் வேலை. அவர்களிடம் கணவாய் மனிதன் முடிவில்லாமல் கிடந்தது. அக்காவின் ஏச்சு அவனுக்கு ஞாபகம் வந்திருக்கிறது. போன வருசம் வந்து தகரத்தைத் திறந்தான். பழுதாகும் படச்சுருளின் புளித்த வினாகிரி மணம் மூக்கிலடித்தது.

“ஒட்டிப்போச்சுது அண்ணை. கொண்டுபோறன். ஆனால் ஒண்டும் சொல்ல ஏலாது.”

அன்றிலிருந்து அண்ணைக்குச் சோறு இறங்கவில்லை. “அதுவும் பழுதெண்டால், நான் சுமந்தது என்னத்தையடா?” என்று என்னிடம் கேட்டார். நான் ஓட்டோ ஓட்டுகிறவன். எனக்கென்ன தெரியும்?

போன மாதம் யாழ்ப்பாணத்தில் பகல் காட்சி போட்டார்கள். “எவ்வளவு மிஞ்சினதெண்டு வந்து பாருங்கோ” என்றதோடு நிரோஜன் நிறுத்திக்கொண்டான். இருவரையும் நான்தான் ஏற்றிப் போனேன். பண்ணைப் பாலம் தாண்டுமுன்னரே அண்ணை மூன்றுதரம் நேரம் கேட்டுவிட்டார்.

பெடியள் கூவினார்கள், விசிலடித்தார்கள். ஒன்றரை மணித்தியாலம் போனபின் அண்ணையின் சுருள் தொடங்கியது; திரையில் கோடு கோடாய் விழுந்தது. அண்ணை என் கையை இறுக்கிப் பிடித்தார். கோடு குறைந்தது. கணவாய் மனிதன் வந்தான். சம்மாட்டியின் மகளைக் கரையில் விட்டுவிட்டுக் கடலுக்குள் நடந்தான், அந்தப் பெரிய தலையும் தாழும்வரை. ஒருவரும் சிரிக்கவில்லை.

“போகாதை ராசா!”

பார்த்தால், அக்கா.

அண்ணை என் கையை விட்டார். ஒரு வருசத்து மூச்சையும் சேர்த்து விட்டார்.

வெளியில் நிரோஜன் வெறுந்தகரத்தைத் திருப்பிக் கொடுத்தான். “உலகத்திலை இந்த முடிவுக்கு வேறை கொப்பி இல்லை அக்கா.”

அக்கா தகரத்தை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினார்.

“உறுதிக் கொப்பியளை இதுக்கைதான் வைக்கப்போறன். இனி இந்த மனிசன் எதைத் தூக்கினாலும் சரி.”

அண்ணை சிரித்தார். வீட்டுக்குப் போகும் வழியில் அல்லைப்பிட்டி வரமுன்னரே அவருடைய குறட்டை கேட்டது.