அரபு நோட்டின் மறுபக்கம்

அன்பான சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் மனசிலும் அல்லாஹ்வின் சாந்தி நிறையட்டும். மூன்று வருடத்துக்கு முன்னால், ரமலானுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை பகலில், நான் ஆறு வருடமாக எழுதிய நாவலைக் கடலில் போட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அன்று நான் அழுத அழுகையை என் ஏழு பிள்ளைகளைப் பெற்றபோதுகூட அழவில்லை.

எங்களுக்கு ஊர் மேல்பட்டாம்பாக்கம். வீட்டுக்காரர் கடலூரில் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் வேலை பார்க்கிறார். மூத்தவள் அஃப்ரீனுக்கு அப்போது பதினைந்து வயது, கடைக்குட்டிக்கு இரண்டு. வீட்டுக்காரரின் அம்மா, என் மாமியும் எங்களோடுதான். பத்துப் பேருக்கு ஆக்கிப்போடும் வீட்டில் ஒருத்தி மாயக்கதை எழுதுகிறாள் என்றால் சிரிப்பார்கள் என்று நான் ஊரில் யாரிடமும் சொன்னதில்லை.

காலையில் பெரிய பிள்ளைகள் மதரசாவுக்கு ஓதப் போய்விடுவார்கள். அந்த ஒன்றரை மணி நேரம்தான் எனக்கு. சின்னது இரண்டும் மடியில் ஏறும், பேனாவைப் பிடுங்கும். அப்படியே எழுதுவேன். நான் பிறந்தது காட்டுமன்னார்கோயில். அதனால் கதை வீராணம் ஏரிக்கு அடியில் இருக்கும் ஒரு நகரத்தில் நடக்கும். மேலேயிருந்து தவறி விழுந்த நூரா என்கிற பெண் அங்கிருந்து வீடு திரும்ப வழி தேடுவாள். அந்த நகரத்தின் வாசலில் ஏழு தலைப் பூதம் ஒன்று காவல் நிற்கும். ஏழு தலைக்கும் ஏழு விதக் குழம்பு வேண்டும், பஸ்ஸில் போனால் ஏழும் ஜன்னலோரம் கேட்கும். எங்கேயிருந்து பிடித்தேன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எழுதுவதற்கென்று தனியாக நோட்டு வாங்க எனக்குக் கூச்சம். பிள்ளைகள் மதரசாவில் பாதி எழுதிவிட்டு ஒதுக்கிய அரபு நோட்டுகளை எடுத்துக்கொள்வேன். அரபி வலப்பக்கமிருந்து வரும், அதனால் அவர்கள் அந்தக் கோடியிலிருந்து அலிஃப், பே எழுதியிருப்பார்கள். நான் நோட்டைத் திருப்பி இந்தக் கோடியிலிருந்து தமிழில் எழுதுவேன். அப்படிப் பதினான்கு நோட்டு சேர்ந்தது. பீரோவுக்கு மேல் அடுக்கி வைத்திருந்தேன்.

என் மாமிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆனால் குர்ஆனை முப்பது பாகமும் தடங்கல் இல்லாமல் ஓதுவார். ரமலான் வருகிறதென்று வீடு சுத்தம் செய்தவர் ஸ்டூல் போட்டு ஏறி பீரோவின் மேலே பார்த்திருக்கிறார். நோட்டை வலப்பக்கமிருந்துதான் திறப்பார், வேறு எப்படித் திறப்பார்? உள்ளே அரபி எழுத்து. கிழிந்த குர்ஆன் தாளையும் அரபி எழுதிய காகிதத்தையும் நாம் குப்பையில் போடுவதில்லையே. எங்கள் ஊரில் அதையெல்லாம் மூட்டை கட்டிப் பள்ளிவாசலில் கொடுப்போம். அங்கே பாங்கு சொல்லும் மோதினார் பிரித்துப் பார்த்து, பைண்டு செய்யத் தேறுவதை ஒதுக்கிவிட்டு, மற்றதைத் தேவனாம்பட்டினத்தில் படகு பேசி நடுக்கடலில் இறக்கிவிட்டு வருவார். மாமி என் பதினான்கு நோட்டையும் முத்தமிட்டு, கண்ணில் ஒற்றி, மூட்டையில் வைத்துக் கொடுத்துவிட்டார். அது ஞாயிற்றுக்கிழமை. அந்த வாரம் பிள்ளைகளுக்கு வரிசையாகக் காய்ச்சல். நான் பீரோ பக்கமே போகவில்லை.

வியாழக்கிழமை மதியம்தான் தேடினேன். சனிக்கிழமை சிதம்பரம் போகவேண்டியிருந்தது. அங்கே சின்னதாகப் பதிப்பகம் நடத்தும் ஒரு அம்மாவுக்கு முதல் இரண்டு அத்தியாயத்தை அஃப்ரீன் போனில் டைப் செய்து அனுப்பியிருந்தாள். முழுக் கதையையும் கொண்டு வாங்க, பார்க்கலாம் என்று அவர் சொல்லியிருந்தார்.

"மாமி, பீரோ மேல இருந்த நோட்டெல்லாம் எங்க?"

"அரபு நோட்டுதானேம்மா? பள்ளிக்குக் குடுத்துட்டேனே. காலையில மோதினார் ஆட்டோவுல கடலுக்கு ஏத்திக்கிட்டுப் போனாரு."

வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். "மச்சான், என் நோட்டெல்லாம் கடலுக்குப் போயிடுச்சு" என்று அழுதேன். கடையில் சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு தேவனாம்பட்டினம் போனார். அரை மணி கழித்துக் கூப்பிட்டார். "படகு போய்ட்டு வந்துடுச்சும்மா. பத்து மணிக்கே எறக்கிட்டாங்களாம். நீ அழுவாத. நான் சீக்கிரம் வந்துடறேன்."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. மாமிமேல் கோபப்படவும் முடியவில்லை. அவர் கையைப் பிசைந்துகொண்டு, "நான் என்னாத்தக் கண்டேன், அல்லா எழுத்தாச்சேன்னுதானே வச்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வேறொரு பயம் வந்தது. பிள்ளைகள் ஓதிய நோட்டில் பூதக்கதை எழுதினாயே, அது அல்லாஹ்வுக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் எடுத்துக்கொண்டான் என்று மனசு குத்தியது.

மதிய லுஹர் தொழுதுவிட்டுக் கையேந்தினேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. கல்யாணமான நாளிலிருந்து எத்தனையோ துஆ கேட்டிருக்கிறேன். வீட்டுக்காரர் வேலைக்கு, பிள்ளைகள் காய்ச்சலுக்கு, பரீட்சைக்கு, மாமியின் முட்டிவலிக்கு. எனக்கென்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். "யா அல்லாஹ், இந்த எழுத்து எனக்கு நல்லதில்லை என்றால் நோட்டோடு சேர்த்து ஆசையையும் எடுத்துவிடு. நல்லது என்றால் திருப்பிக் கொடு." வாய் அப்படி நியாயமாகக் கேட்டது. மனசு மட்டும் கொடுத்துடு, கொடுத்துடு என்று நச்சரித்தது. சஜ்தாவில் விழுந்து அழுதேன். கடைக்குட்டி என் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

மாலை அசர் தொழுகைக்குப் பிறகு வாசலில் மோதினாரின் மனைவி ஜுபைதா நின்றாள். கையில் ஒரு துணிப்பை. அவளோடு நான் அதுவரை நாலு வார்த்தை பேசியதில்லை.

"அக்கா, இந்த நோட்டு அட்டையில ஒங்க புள்ளைங்க பேரு இருக்காம், எங்க வூட்டுக்காரவுங்க சொன்னாங்க. நான் படிக்கத் தெரியாதவ. மூட்டையப் பிரிச்சப்ப இத இந்தப் பக்கம் திருப்பிப் பாத்துட்டு ஒரு பக்கம் வாசிச்சாங்க. நான் வுடல. நாலு நாளா வாசிக்கச் சொல்லிக் கேக்கறேன். பத்து நோட்டுதான் முடிஞ்சுது."

பையை வாங்கி எண்ணினேன், பதினான்கும் இருந்தன. அவள் தொடர்ந்தாள்.

"இன்னிக்குக் காலையில, அரபி எழுத்து இருக்கு, கரைச்சுத்தான் ஆவணும்னாங்க. நூரா வூடு திரும்புனாளான்னு தெரியாம எப்படிக்கா கடல்ல போட வுடறது? அரிசி டிரம்முல ஒளிச்சு வச்சிட்டேன். இப்ப வந்தவரு வையறாரு. யாரு எழுதுனது இது?"

நான்தான் என்றேன். அந்த வார்த்தையை எங்கள் ஊரில் வெளியாள் ஒருவரிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

சகோதரிகளே, இதை யோசித்துப் பாருங்கள். நான் லுஹரில் கையேந்தி அழும்போது என் நோட்டுகள் ஏற்கெனவே அவள் வீட்டு அரிசிக்குள் பத்திரமாக இருந்தன. நான் கேட்பதற்கு முன்பே அவன் கொடுத்து வைத்திருந்தான். அதுவும் வெறும் காகிதமாகக் கொடுக்கவில்லை. கதையின் முடிவைக் கேட்க ஆசைப்பட்டுத் தேடி வந்த ஒரு மனுஷியோடு சேர்த்துக் கொடுத்தான்.

அன்று சாயங்காலம் மீதி நான்கு நோட்டையும் நானே அவளுக்கு வாசித்தேன். சுற்றிப் பிள்ளைகள். மாமி அடுப்படியில் இருந்தபடியே காது கொடுத்தார். பூதம் நூராவிடம் குழம்பு கேட்டுச் சண்டை போடும் இடத்தில் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அடிப்பாவி, இது நம்ம வூட்டுப் புள்ளைங்கதானே" என்றார். நூரா கரையேறிய இடத்தில் ஜுபைதா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மோதினார் மறுநாள் வந்து, அரபி எழுதிய பக்கங்களை மட்டும் பதனமாகக் கிழித்து வாங்கிக்கொண்டு போனார். போகும்போது, "அடுத்ததயாவது வெறும் நோட்டுல எழுதும்மா, என் வூட்டுல நிம்மதி போச்சு" என்றார்.

சனிக்கிழமை சிதம்பரம் போனோம். சின்னது இரண்டையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்காரரும் கூட வந்தார். ஒரு வருடம் கழித்துப் புத்தகம் வந்தது. இப்போது இரண்டாவது நாவல் எழுதுகிறேன், புது நோட்டில். காலை ஒன்றரை மணி நேரம் எனக்கானது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்த நேரத்தில் கடைக்குட்டியை மாமி பார்த்துக்கொள்கிறார்.

போன வாரம் மாமி தொழுதுவிட்டுத் துஆ கேட்பது காதில் விழுந்தது. ஒவ்வொரு பேரன் பேத்திக்கும் பேர் சொல்லிக் கேட்டுவிட்டு, கடைசியில், "ரப்பே, என் மருமவளுக்கு இந்தக் கதையையும் நல்லபடியா முடிச்சுக் குடு. சோத்துல உப்புப் போட மறக்காத புத்தியையும் குடு" என்றார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று ஆமீன் சொன்னேன்.

பிள்ளைகளுக்குக் கேளுங்கள், வீட்டுக்காரருக்குக் கேளுங்கள். அதெல்லாம் முடிந்ததும் கையை உடனே இறக்கிவிடாதீர்கள். யாரிடமும் சொல்லக் கூச்சப்படும் ஆசை ஒன்று உங்களுக்கும் இருக்கும். அதையும் அவனிடம் சொல்லுங்கள். அவனிடம் சொல்ல என்ன கூச்சம்?