ஸ்போர்ட்ஸ் காருக்கு மைலேஜ் கேட்டவன்

டீசல் புகையும் மல்லிகைப்பூவும் கலந்தா ஒரு வாசம் வரும் பாருங்க... அதுதான் எங்க கல்யாண வாசம். இன்னிக்கும் சிக்னல்ல ஏதாச்சும் பழைய டெம்போ முன்னாடி நின்னா எனக்கு வெக்கம் வந்துரும்.

பத்தாவதுல ரெண்டு தடவ கோட்டை விட்டுட்டு, பீளமேட்டுல ஒரு லேத் பட்டறையில டர்னரா இருந்த காலம். ஆர்.எஸ்.புரத்துல ஒரு பழைய பங்களாவ இடிக்கறப்போ, பின்னால ஷெட்டுல ஒரு சீமைக் காரு கெடந்துச்சு. பச்சை கலரு ஸ்போர்ட்ஸ் காரு... ரெண்டே சீட்டு, மேல கூரை கெடையாது. எஞ்சின் வெடிச்சுப் போயி, அதுக்குள்ள எலி குடும்பம் நடத்திட்டு இருந்துச்சு. பழைய இரும்புக்குப் போக இருந்தத நான் வாங்கிப்போட்டேன்.

அந்த வருசமே கல்யாணமும் நிச்சயமாச்சு. பொண்ணு கமலா, சோமனூர்ல தறிக்காரங்க ஊடு. எங்க ஊட்டுல அப்ப பதினோரு பேரு, ரெண்டு ரூமு. புதுசா கட்டிக்கிட்டவங்க நாலு வார்த்த பேசற எடம்னு ஒண்ணு அங்க கெடையவே கெடையாது.

நிச்சயத்தன்னிக்கு கமலா எங்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு.

"அந்தக் காருல ரெண்டு பேருதானுங்க உக்காரலாம்?"

ஆமான்னேன்.

"அப்ப விருந்துக்கு அதுலயே போலாமுங்க. வேற யாரும் ஏற முடியாதில்ல..."

அதுக்கப்பறம் எனக்குத் தூக்கம் ஏது. எப்படியாச்சும் கல்யாணத்துக்குள்ள வண்டி ஓடியாகோணும்.

உக்கடத்துல சலீம் பாய்னு ஒருத்தர். பழைய எஞ்சின் வாங்கி விப்பாரு, மாத்தியும் குடுப்பாரு. புஸ்தகம் எதுவும் பாக்கல மனுசன். எஞ்சின் கழட்டுன எடத்துல சாக்கு சாக்கா மணல வெச்சாரு. வண்டி மூக்கு மெல்ல மெல்ல எறங்குச்சு. பின் டயருக்கு மேல நாலு வெரல் இடைவெளி இருந்துச்சு. முன்னாடியும் அதே நாலு வெரல் வந்ததும் நிறுத்திட்டாரு.

"தம்பி, இந்த மணல் எவ்வளவோ, அவ்வளவுதான் இது தாங்கும். எங்கிட்ட ஒரு பெட்ரோல் எஞ்சின் கெடக்கு. அலுமினியம், எடை கம்மி. கச்சிதமா உக்காரும்."

நான் கேட்ட மொதக் கேள்வி என்ன தெரியுமுங்களா?

"மைலேஜ் எத்தன குடுக்கும் பாய்?"

கோயமுத்தூர்க்காரனுங்க நாம. ஏரோப்ளேனக் கொண்டாந்து நிறுத்துனாலும் லிட்டருக்கு எத்தனைன்னுதான் கேப்போம்.

மூலையில ஒரு ஜீப்பு டீசல் எஞ்சின் கெடந்துச்சு. எடை ஜாஸ்தி, ஆனா மைலேஜ் அள்ளிக் குடுக்கும். அதையே போடோணும்னு ஒத்தக் கால்ல நின்னேன்.

"நான் மணல் மூட்டை தூக்குனது எதுக்கு தம்பி, உடம்ப தேத்தறதுக்கா?"ன்னாரு பாய்.

கேட்டனா? லேத்துல நாலு ஷாஃப்ட் கடைஞ்சவனுக்கு எஞ்சினியர்னு நெனப்பு.

எஞ்சின வெச்சதும் பானெட் மூடல. பாய் பானெட்டுல ஓட்டை வெட்டிக் குடுத்தாரு. அதுல எஞ்சின் தலைய நீட்டிக்கிட்டு நின்னுச்சு.

கல்யாணம் முடிஞ்சு மூணாம் நாளு சோமனூருக்கு விருந்துக்குக் கெளம்பினோம். ஸ்டார்ட் பண்ணதும் கண்ணாடி, கதவு, கமலா வளையல்... எல்லாம் ஒரே தாளத்துல ஆடுது. அவினாசி ரோட்டுல ஏறுனதும் அவ என்னமோ கேட்டா.

"என்ன?"ன்னேன்.

மறுபடியும் கேட்டா.

"சத்தமா சொல்லு அம்மணி."

கத்துனா. பஸ் ஸ்டாப்புல நின்னவங்க திரும்பிப் பாத்தாங்க. எனக்குத்தான் கேக்கல.

கருமத்தம்பட்டி வரைக்கும் கை ஜாடை. அப்பறம் முந்தானைய மூக்குல வெச்சுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிட்டா. கோழிக்கூடை கட்டுன மொபெட்டு ஒண்ணு எங்கள முந்திப் போச்சு.

மாமனார் வாசலுக்கு வந்து எட்டிப்பாத்தாரு.

"அட, மாப்ளைங்களா... தண்ணி லாரின்னுல்ல நெனச்சேன்."

நெசமாவே வாசல்ல நாலு கொடம் வரிசையா இருந்துச்சுங்க.

எலையில பருப்பு ஊத்தக் குனிஞ்ச கமலா மெதுவாச் சொன்னா: "மைலேஜ் நல்லாத்தான் குடுக்குதாட்ட இருக்குதுங்க. நான் கேட்டது அதில்லீங்களே."

அடுத்த நாளே பாய்கிட்டப் போயி நின்னேன். அந்தப் பெட்ரோல் எஞ்சின் வித்துப்போச்சு. அதே மாதிரி இன்னொண்ணு வர்றதுக்குள்ள ஆடி பொறந்துருச்சு... புதுப்பொண்ண அவங்க ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. ஆடி பூராம் நானும் பாயும் எஞ்சின் மாத்துனோம். மாத்தி முடிச்சு, பாய் டயர் மேல வெரல வெச்சுப் பாத்தாரு. நாலு வெரல். நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன்.

ஆவணி ஒண்ணாந்தேதி கூட்டியாரப் போனேன். வண்டி வந்து நின்னது மாமனாருக்குக் கேக்கவே இல்ல.

திரும்பி வர்றப்போ கமலா கேட்டா, "ஏனுங்க, அன்னிக்கு அந்தச் சத்தத்துல நான் என்ன கேட்டேன்னு தெரியுங்களா?"

"தெரியாதே."

"எனக்கு வெண்டக்காய் புடிக்காதுங்க. உங்கூட்டுல மூணு நாளா அதையே போட்டாங்க. எப்படிச் சொல்றதுன்னு கேட்டேன்."

வண்டிய ஓரமா நிறுத்திட்டுச் சிரிச்சேன். அவளும் சிரிச்சா. அப்பறம் ஊட்டுக்குத் திரும்பாம நேரா மதுக்கரை தாண்டி மலை தெரியற வரைக்கும் போனோம். சின்ன வயசுல கெணத்துல உழுந்தது, தறிச்சத்தம் இல்லாட்டி தூக்கம் வராதது... மூணு மணி நேரம் பேசுனா. ஊட்டுல கேட்டதுக்கு, வண்டி ரிப்பேருன்னு ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னோம்.

மொதக் கொழந்தைய மடியில வெச்சுச் சமாளிச்சோம். ரெண்டாவது பொறந்ததும் காரக் குடுத்துட்டோம்.

இப்பப் பசங்க பழைய காருக்கு எஞ்சின் மாத்தறதுன்னா பவரு, எடை எல்லாம் போன்லயே பாத்துப்போடறாங்க. நல்லதுதானுங்க. எங்கிட்ட யோசனை கேட்டா மட்டும், பக்கத்து சீட்டுல யாரு உக்காருவாங்கன்னு கேப்பேன். ஒரு மாதிரி பாப்பாங்க.

இப்ப ஊட்டுல நாலு ரூமு, நாங்க ரெண்டே பேரு. புதுக் காரு ஸ்டார்ட் ஆனதே தெரியறதில்ல, அத்தன அமைதி. போன ஞாயித்துக்கெழம ஒரு வளைகாப்புக்குப் போயிட்டு வர்றப்போ, கமலாகிட்ட என்னமோ சொல்லலாம்னு திரும்பிப் பாத்தேன்... சீட்டச் சாச்சுப் போட்டுத் தூங்கிட்டா.

எழுப்பல. ஏசியக் கொறச்சுட்டு, ஊட்டுத் திருப்பத்துல திரும்பாம இன்னொரு சுத்து சுத்திட்டு வந்தேன்.