வீங்காத கைகள்

பகல் ஒன்றேகாலுக்குப் பிளாஸ்கைத் திறந்தேன். ஐஸ் முழுக்கக் கரைந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் மருந்துக் குழாய்கள் கிடந்தன. அறுபதுகளில் காஞ்சிபுரத்தில் நான் அம்மை குத்தும் ஊழியன். பிள்ளையார்பாளையத்தில் அன்று இன்னும் அரைத் தெரு பாக்கி இருந்தது.

அந்த மருந்துக்கு உயிர் உண்டு. சூடு பட்டால் செத்துவிடும். ஆனால் நிறம் மாறாது, நாற்றமும் வராது.

சைக்கிளில் வந்த சுகாதார இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன்.

"கரைஞ்சா இன்னாய்யா? யாருக்குத் தெரியப் போவுது? தெருவ முடிச்சுட்டு வா."

முடித்தேன்.

மருந்து பிடித்தால் குத்திய இடம் வீங்கிக் கொப்புளம் எழும்பும். மறுவாரம் அது எழும்பியதா என்று பார்க்கப் போனேன். அந்த அரைத் தெருவில் ஒரு பிள்ளைக்கும் எழும்பவில்லை. தெருவுக்கு அதில் சந்தோஷம். கரையைத் தனி நூலில் கோர்த்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு, தறியில் கரைப் பக்கம் உட்கார்ந்து நூல் நாடாவைத் தள்ளுவது பிள்ளைகள்தான். கை வீங்கினால் தறி நின்றுவிடும்.

"முன்ன வந்தவன் குத்துனா மாடு முட்டுனாப்ல இருக்கும். உன் கை பூ மாதிரி சார். இனிமே நீயே வாப்பா!" என்றார் நெசவாளர் ஏகாம்பரம்.

சிரித்துக்கொண்டே ரிஜிஸ்டரில் எல்லோருக்கும் 'எழும்பியது' என்று எழுதினேன். அப்புறம் ஐஸைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. என் நான்கு வயது மகளுக்கு மட்டும், காலையில் ஐஸ் கெட்டியாக இருக்கும்போதே ஆபீசில் வைத்துப் போட்டேன். அவள் கை வீங்கிக் காய்ச்சல் அடித்தபோது நிம்மதியாக இருந்தது. மருந்து கெட்ட நேரத்தை என்னால் சொல்ல முடிகிறது. நான் கெட்ட நேரத்தை இன்றுவரை சொல்ல முடியவில்லை.

கோடையில் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தார்கள். மறுநாள் புது மருந்தும் ஐஸுமாக அந்த அரைத் தெருவுக்குப் போய் வீடு வீடாகச் சொன்னேன்: "முன்ன போட்டது செத்த மருந்து. தெரிஞ்சேதான் போட்டேன். என் பொண்ணுக்கு மட்டும் நல்லதா போட்டுக்கினேன். எல்லாருக்கும் திரும்பப் போடணும்."

"த்தூ! நீயும் புள்ள பெத்தவன்தானா?" என்று ஒரு அம்மா கதவைச் சாத்தினாள். மற்றக் கதவுகளும் சாத்திக்கொண்டன.

தெருக் குழாயடியில் உட்கார்ந்தேன். இரண்டு முறை ஐஸ் மாற்றினேன். எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் தொடங்கியிருக்குமோ என்று ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலரை மணிக்கு ஏகாம்பரம் தன் இரண்டு பிள்ளைகளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். பிளாஸ்கினுள் எட்டிப் பார்த்தார்.

"உம் பொண்ணுக்குப் போட்டியே, அந்த மருந்தா இது?"

"அதேதாங்க."

"வீங்குமா?"

"வீங்கும். காய்ச்சலும் வரும்."

பெரியவனின் சட்டையைக் கழற்றினார்.

"போடு. தறி நின்னா நிக்கட்டும்."